களம் பெருக்கிய பாலு

1906-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் பம்பாய் ஜிம்கானாத் திடலில் ஒரு கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. ஒரு பக்கத்தில் ஐரோப்பியர் நின்றனர். படைத்தலைவர்களும், ஆட்சியாளரும், இங்கிலாந்திலே இளமை தொட்டு இவ்வாட்டத்தைப் பயின்று வந்தவர்களும் அவ்வணியில் இருந்தனர். மறுபக்கத்தில் இந்துக்கள் நின்றனர். அவர்கள் முதலில் போட்டிக்கு அழைத்தது பார்சியரையே. இரு கழகத்தாருக்குமிடையே இருந்த மனவேற்றுமையாற் பார்சியர் மறுத்துவிட, ஐரோப்பியர் முன்வந்து அவ்வழைப்பை ஏற்றனர். எளிதில் வென்றுவிடலாமென்று அவர்கள் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்களும் பின்னர் 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் 191-க்கும் 102-க்கும் அடங்கினர். வேறுபாடு 109 ஓட்டங்கள். ஆண்டவர்கள் தோற்றார்கள், ஆளப்பட்டவர்கள் வென்றார்கள்.

அவ்வெற்றிக்குப் பெருந்துணையாய் நின்றவர் இடக்கையாற் பந்து வீசிய ஒருவர். மெலிந்த உடல், அமைதியான முகம், முப்பது வயது. பத்து ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்வரை திடலைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டிக் கூலி பெற்றவர் அவர். தம் அணியினரிற் பலர் தம் வீட்டுத் திண்ணையில் அவரை அமர விடார். அவர் பெயர் பல்வங்கர் பாலு. முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டுக்களையும், 1996-இல் லாகூரில் நாம் அவுஸ்திரேலியாவை வென்ற கதையையும் நம் மாணவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள், நன்று. இந்தத் துணைக்கண்டத்தில் உலகத் தரத்திற் சுழற்பந்து வீசியவருள் முதல்வராக எண்ணத்தக்க இம்மனிதரைப் பற்றிக் கேட்டால் அவர்கள் விழிக்கிறார்கள். ஆசிரியர்களிற் பலரும் விழிப்பர். ஆதலால் அவர் வரலாற்றை இங்கே சிறிது விரித்துரைப்பது பொருந்தும்.

பாலு 1876-இல் தார்வாரிற் பிறந்தார் என்பர். ஓராண்டு முந்தியென்று கூறுவாரும் உளர். கொங்கணக் கரையிலுள்ள பூர்வீக ஊரின் பெயரே பல்வங்கர் என்னும் குடிப்பெயராயிற்று. தோல்வேலை செய்யும் சமார் குலம் அவர்களுடையது. அக்காலத்து இந்து சமூகம் தீண்டாதார் என்று ஒதுக்கி வைத்த குலங்களுள் அது ஒன்று. தந்தையார் பூனா நகரிற் படையினர் கீழ்ப் பணி செய்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்து எறிந்த துடுப்புக்களையும் பந்துகளையும் பொறுக்கி, பாலுவும் தம்பி சிவராமும் விளையாடப் பழகினர். எங்கள் கோமாரிக் கடற்கரையில் தென்னை மட்டையைச் சீவித் துடுப்பாக்கி ஆடும் பிள்ளைகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வறியவர் பிள்ளைக்கு விளையாட்டு வருவது பெரும்பாலும் பிறர் கழித்த பொருள் வழியாகவே.

முதல் வேலை பார்சியர் கழகமொன்றின் திடலிற் கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபாய். களத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் கடமை. இடையிடையே உறுப்பினர்க்குப் பந்து வீசுவதும் உண்டு. 1892 அளவில் ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபாய். வலை கட்டுதல், ஆடுகளம் திருத்துதல், டென்னிஸ் திடலுக்குக் கோடிடுதல் ஆகியவை அவர் பணிகள்.

அக்கழகத்திற் கிரெய்க் என்னும் படை அதிகாரி இருந்தார். உருவத்திற் சிறியர், துடுப்பெடுத்தால் இந்தியாவிலிருந்த ஐரோப்பியருள் அவருக்கு நிகர் காண்பது அரிது. இங்கிலாந்தில் ஹம்ஷயர் மாவட்டத்துக்கு ஆடியவர். பிற்காலத்திற் படைத்தொழிலைத் துறந்து கத்தோலிக்கக் குருவானார் என்பது அவர் வாழ்விற் சுவையான திருப்பம். இவர் ஒவ்வொரு நாளும் மற்றவர்க்கு முன்னரே திடலுக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் செய்து பயில்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் அரை ரூபாய் கொடுத்தார் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, பயன் மெய். சிறந்ததொரு துடுப்பாளருக்கு எதிரே நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசும் வாய்ப்பு வேறு எந்த இந்தியருக்கும் அந்நாளிற் கிடைத்திராது. பந்தை எவ்விடத்திற் குத்தச் செய்வது, எப்போது வேகத்தை மறைப்பது, களத்தின் கரடு எங்கே இருக்கிறது என்பனவற்றையெல்லாம் அவர் கற்றார். களத்தைப் பெருக்கியவரே அதன் மேடு பள்ளத்தை அறிவார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒன்று மட்டும் அவருக்கு அங்கே கிட்டவில்லை. பூனா ஜிம்கானாவில் ஒருநாளேனும் துடுப்பைக் கையிற் பிடிக்க அவரை விட்டார்களில்லை. பந்து வீசுதல் உழைப்பு, துடுப்பெடுத்தல் உரிமை. உழைப்பைப் பணியாளனிடம் பெறலாம், உரிமையைக் கொடுப்பதெங்ஙனம்? ஆங்கிலேயரின் இந்த வழக்கத்திற்கும் நம்மவர் சாதி வழக்கத்திற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

பூனாவில் இந்துக்களின் கழகமொன்று ஐரோப்பியரை வெல்ல விரும்பியது. பாலுவின் திறம் ஊரறிந்தது. ஆயினும் அவரைச் சேர்ப்பதா என்பதிற் பெரும் வழக்கெழுந்தது. தெலுங்கு உறுப்பினர் சிலர் சேர்க்க வேண்டுமென்றனர். மராத்திய அந்தணருட் பலர் ஒவ்வாரென நின்றனர். இத்தகைய வீரரை விலக்குவது இந்துக்களின் அறியாமையாகும் என்று கிரெய்க் வெளிப்படையாகவே கூறியது வழக்கைத் தீர்த்தது என்பர். வெள்ளைக்காரன் சொன்னபின் நமக்கு அறிவு வருவது புதிதன்று.

சேர்த்தனர், ஆயின் எப்படிச் சேர்த்தனர் என்பதைக் கேட்க வேண்டும். திடலுக்குள்ளே அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். பந்து தோலாற் செய்தது. கைகள் பலவற்றிற் புரண்டது. தீட்டு அதனைப் பற்றவில்லை. தேநீர் வேளை வந்ததும் தீட்டு மீண்டும் எழுந்தது. மற்றவர்கள் மண்டபத்துள்ளே பீங்கானிற் பருகுகையில், பாலு வெளியே நின்று, பருகியபின் உடைத்தெறியத்தக்க மண்குவளையிற் பருகினார். உணவு தனி மேசையில், தனித் தட்டில். முகங் கழுவ வேண்டின், ஒதுக்கப்பட்ட குலத்துப் பணியாளன் ஒருவன் திடலின் மூலையில் நீர் கொண்டுவந்து வார்ப்பான். அந்த மண்குவளை நமக்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்துச் சிரட்டையும் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையும் அதன் உடன்பிறப்புக்களே. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைக் கற்ற மாணவர்கள் பூனாத் திடலைத் தம் ஊரென்றே உணர்வார்கள்.

பாலுவின் துணையாற் பூனா இந்துக்கள் வென்று கொண்டே வந்தனர். சாத்தாராவில் வெள்ளையர் கழகத்தோடு நிகழ்ந்த ஆட்டமொன்று பெயர்பெற்றது. பாலுவின் சுழலுக்கு அஞ்சிய அவர்கள் ஒரு கிழமை முழுவதும் ஆடுகளத்தை உருளையால் அழுத்தி இறுக்கி வைத்தார்களாம். அவ்விறுகிய களத்திலேயே அவர் 7 விக்கெட்டுக்களை வீழ்த்தினார் என்பர். திரும்பியபோது பூனாவில் வரவேற்பு நிகழ்ந்தது. மாலை அணிவித்தவர் மகாதேவ கோவிந்த ரானடே. அந்தணர் குலத்துப் பேரறிஞர், நீதிபதி, சமூகச் சீர்திருத்தத்தின் தூண்களுள் ஒருவர். பாலுவோடு சேர்ந்து ஆடுவோர் அவரோடு சேர்ந்து உண்ணவும் பருகவும் வேண்டுமென்று அவர் கழகத்தாரை இடித்துரைத்தார். 1901-இல் மறைந்த ரானடே அவ்வறிவுரை பலித்ததை முற்றும் காணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிற் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். படையிலும் பின்னர்ப் புகையிரதப் பகுதியிலும் பணி கிடைத்தது. அங்கிருந்த இந்து ஜிம்கானாவும் முதலில் முகஞ் சுளித்துப் பின்னர் ஏற்றுக்கொண்டது. அங்கே மண்குவளை ஒழிந்தது. ஒருங்கிருந்து உண்ணும் நிலை வந்தது. இவ்வாறாக வந்ததுதான் 1906-ஆம் ஆண்டு வெற்றி.

அவ்வெற்றியின் உட்பொருளைத் தெளிவாகக் கண்டவர் ஒரு தமிழர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. சென்னையில் 1890-இல் தொடங்கிப் பின் பம்பாய்க்கு மாறிய 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' என்னும் வார இதழின் ஆசிரியராயிருந்த காமாட்சி நடராசன் அவர். மற்றோர் ஐரோப்பியர் தோல்வியைக் கண்டு களித்துக் கொண்டிருக்க, அவர் இதழ் வேறொன்றைச் சுட்டிற்று. சமார் குலத்துச் சகோதரர்களைக் கழகத்திற் சேர்த்துக்கொண்ட செயலே, மேடைப் பேச்சுக்கள் பலவற்றினும் மிகுதியாக இந்து இளைஞரின் உள்ளத்தை விரிவாக்கிற்று என்பது அதன் துணிபு. ஓட்டக் கணக்கைப் பார்த்தவர் பலர். உணவு மேசையைப் பார்த்தவர் அவரே.

இங்கு ஒன்று கூறியாக வேண்டும். சமயத்தின் பெயரால் அணி பிரித்து ஆடும் முறை எனக்கு உவப்பானதன்று. 1907-இல் இந்துக்கள் சேர முக்கோணப் போட்டியாயிற்று. 1912-இல் முஸ்லிம்கள் சேர நாற்கோணமாயிற்று. 1937-இற் கிறிஸ்தவர் முதலிய ஏனையோருஞ் சேர ஐங்கோணமாகி, 1946-இல் ஒருவாறு நின்றது. பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் அம்பாறைக் கரையிலிருந்து நோக்குகையில் அத்தகைய பிரிவு நெஞ்சை உறுத்துகிறது. எனினும் அந்நாளில் ஆண்டானும் அடிமையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற இடம் அத்திடல் ஒன்றே. நடுவர் கை உயர்த்தினால் கலெக்டரும் வெளியேற வேண்டும்.

1911-இல் இந்தியா முழுமைக்குமான அணியொன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. இந்து, முஸ்லிம், பார்சியர், சீக்கியர் அதில் ஒருங்கிருந்தனர். தலைவர் பட்டியாலா மன்னர் பூபேந்திர சிங். அரசர்க்குரிய பிற அலுவல்கள் மிகுந்திருந்தமையால் அவர் ஆடியது சிறிதே. அவ்வணி 23 போட்டிகளில் 6-இல் வென்று 15-இல் தோற்றது. தோல்விகளின் நடுவே பாலு மட்டும் தனித்து ஒளிர்ந்தார். வயது முப்பத்தைந்து, தோளிலே வலி. ஆயினும் 114 விக்கெட்டுக்களை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஓர் இன்னிங்சில் 103 ஓட்டங்களுக்கு 8 பேரை வெளியேற்றினார். வலிமை குன்றிய அணியிலே, பிடிகள் நழுவ நழுவ, அயல்நாட்டுக் களத்திற் பெற்ற கணக்கு அது. ஆங்கில மாவட்டங்கள் சில அவரைத் தம்மோடு இருத்திக்கொள்ள விரும்பின. தம்பி சிவராமும் உடன் சென்று, சோமர்செட் மாவட்டத்தை வென்ற ஆட்டத்தில் நூறு கடந்தார். அதே ஆண்டு யூலை 29-ஆம் நாள், கல்கத்தாவிலே மோகன் பகான் கழகத்தார் பெரும்பாலும் வெறுங்காலோடு உதைபந்தாடி, கிழக்கு யார்க்ஷயர்ப் படையணியை 2-1 என வென்று கேடயம் கொண்டனர். அது இன்றும் பாடப்படுகிறது. பாலுவின் 114 விக்கெட்டுக்கள் பாடப்படுவதில்லை.

நாடு திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினர். அங்கு அளிக்கப்பட்ட வாழ்த்துமடலை எழுதியவர், கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று சொல்லப்படுகிறது. தம் இனத்து இளைஞர்க்கு அந்நாளிற் சுட்டிக்காட்டத்தக்க தலைமகன் பாலு ஒருவரே. அம்பேத்கரும் அவரைக் குறித்துப் பெருமை கொண்டிருந்தார்.

திறமைக்கு இடங்கொடுத்தவர்கள் தலைமைக்கு இடங்கொடுத்தார்களா? இதுவே பாலு வாழ்வின் முள். 1910-க்குப் பின் ஆண்டுதோறும் அணித்தலைவர் யார் என்னும் வினா எழும்; ஆண்டுதோறும் பாலுவின் பெயர் பேசப்படும்; ஆண்டுதோறும் உயர்குலத்தார் ஒருவரே தலைவராவார். அவ்வாறு தலைவரான எம். டி. பை என்பவர், இப்பதவி பாலுவுக்கே உரியதென்று 1913-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நல்லவர், ஆனால் அதன் பின்னும் அவரே தலைவர். வீட்டினுள் விருந்தினனாக ஒருவனை அழைப்பது வேறு; திறவுகோலை அவன் கையிற் கொடுப்பது வேறு.

1920-ஆம் ஆண்டு டிசெம்பரிற் பூனாவில் நாற்கோணப் போட்டி நடந்தது. தலைவரான பை நோயுற்றார். முஸ்லிம்களோடு ஆடும் போட்டிக்குப் பாலு அணியிலேயே சேர்க்கப்படவில்லை. அவருடைய தம்பியருள் விட்டல் அந்நாளில் இந்துக்களின் முன்னணித் துடுப்பாளர். அவரையும் சிவராமையும் கடந்து, பூனா அந்தணரான தேவதர் தலைவராக்கப்பட்டார். தேவதரும் சிறந்த வீரரே, குறை அவர்மேலன்று. ஆனால் தம்பியர் இருவரும் இம்முறை பொறுக்கவில்லை. குலங் காரணமாகவே தாங்கள் ஒதுக்கப்பட்டதாக எழுத்து மூலம் அறிவித்து, அணியினின்று விலகினர். தீண்டாமை ஒழிந்தாலன்றி விடுதலை இல்லையெனக் காந்தியடிகள் ஊர்தோறும் பேசிவந்த காலம் அது. இதழ்கள் அச்செய்தியை எடுத்தன, கழகத்தார் நாணினர். பார்சியரோடு நிகழ்ந்த இறுதிப் போட்டிக்குப் பை நலமுற்றுத் தலைவராகத் திரும்பினார், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார், தம்பியரும் மீண்டனர். ஆட்டத்தின் நடுவே பை சிறிது நேரம் களத்தினின்று வெளியேறினார். அந்தச் சிறிது நேரத்தில் அணியை நடத்தியவர் பாலு. அவருக்கு நாற்பத்தைந்து வயதளவு. அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நாற்கோணப் போட்டியில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்கு வாய்த்தது. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார்; அவ்வாண்டே இறுதிப் போட்டியில் ஐரோப்பியரை வென்று கிண்ணத்தைப் பெற்றார். உயர்குலத்து இளைஞர் அவரைத் தோளிலே தூக்கிக் கொண்டாடினர். 1925-இலும் 1926-இலும் மீண்டும் இந்துக்கள் வென்றனர். தீண்டினால் தீட்டென்று சொல்லப்பட்ட உடலைத் தோளில் ஏற்றி நின்ற அக்காட்சியைக் கண்டபோது பாலு என்ன நினைத்தாரோ! அவர் அதிகம் பேசுபவரல்லர்.

ஆட்டத்தை விட்டபின் அவர் அரசியலுக்கு வந்தார். இப்பகுதி சற்றுக் கசப்பானது. 1932-இல் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வழங்கப்பட்டதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். அம்பேத்கர் தனித்தொகுதி வேண்டுமென்று நின்றார். பாலுவோ கூட்டுத்தொகுதியே தகும் என்ற கொள்கையினர், தமிழகத்து எம். சி. ராஜாவும் அப்பக்கமே. செப்டெம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி, எம். சி. ராஜா ஆகியோரோடு பாலுவின் கையொப்பமும் அதில் இடம்பெற்றது. இந்து சமயத்தைத் துறப்பேன் என்று 1935-இல் அம்பேத்கர் அறிவித்தபோதும் பாலு உடன்படவில்லை.

1937-இற் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தல் வந்தது. அம்பேத்கரை எதிர்க்கத் தக்கவர் யார் என்று தேடிய காங்கிரசார் பாலுவை நிறுத்தினர். ஒருகாலத்தில் வாழ்த்துமடல் எழுதியவரும் அதைப் பெற்றவரும் எதிரெதிரே நின்றனர். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். தோல்வி பெரிதன்று, ஆனால் அத்தேர்தலால் அவருக்கு நேர்ந்த இழப்புப் பெரிது. தம் மக்களுட் புதிய தலைமுறையினர்க்கு அவர் அம்பேத்கரின் எதிராளியாகவே தோன்றினார். காங்கிரசாருக்கோ தேர்தல் முடிந்தபின் அவர் தேவைப்படவில்லை. இருதரத்தாரும் மறந்தனர். அவர் தேர்ந்த வழி பிழையென்றே கொள்வோர் இன்று பலர். என் கருத்தும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அவருடைய அநுபவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே நின்று மண்குவளையிற் பருகிய ஒருவர், இருபது ஆண்டு பொறுமையாற் கதவு ஒவ்வோர் அங்குலமாகத் திறந்ததைத் தம் கண்ணாற் கண்டவர். கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தால் முற்றுந் திறக்கும் என்று அவர் நம்பினார். அம்பேத்கர் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதென்றார். ஒரே நோயைக் கண்ட இருவர் இருவேறு மருந்து கூறியதாகவே நான் இதனைக் கொள்கிறேன்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை 1932 யூன் 25-இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆடத் தொடங்கியபோது பாலுவுக்கு ஐம்பத்தாறு வயது. விட்டலுக்கும் காலங் கடந்துவிட்டது. ஆகையாற் சகோதரர் எவர்க்கும் டெஸ்ட் வீரர் என்ற பெயர் இல்லை. பெயர்ப்பட்டியலை மட்டும் புரட்டுவோர் கண்ணில் அவர்கள் படுவதுமில்லை. விட்டல் தம் வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதி 1948-இல் வெளியிட்டார். வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002-இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்றில் இக்குடும்பத்தை முன்னிறுத்திய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

பாலு 1955 யூலை 4-ஆம் நாள் பம்பாயிற் காலமானார். அவர் ஆடிய முதல்தரப் போட்டிகள் 33, வீழ்த்திய விக்கெட்டுக்கள் 179, சராசரி 15.21. துடுப்பாலும் 753 ஓட்டங்கள் எடுத்திருக்கிறார். அவற்றுள் மிகுதியானது ஒரே ஒரு 50. பூனா ஜிம்கானாவிற் கையிற் கொடாத துடுப்பினால் எடுத்த ஓட்டங்கள் அவை.